அஞ்சு வருஷம் ஓடும்

மூன்றாவது தடவையும் கடைக்காரர் கோமதிநாயகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். "சார், என்ன யூஸுக்குன்னு சொன்னா அதுக்கு ஏத்த மாதிரி சிஸ்டம் சொல்லிடுவேன். கேமிங்கா, ஆபீஸ் வேலையா?" கேட்டவருக்கும் நாயகத்துக்கும் நடுவில்தான் செண்பகம் உட்கார்ந்திருந்தாள். மடியில் நோட்டு விரிந்து கிடந்தது. பிராசஸர், மதர்போர்டு, ரேம், கிராஃபிக்ஸ் கார்டு என்று ஒன்பது வரி, அதில் இரண்டு வரி அடித்துத் திருத்தியது. ஒன்றரை மாதமாக யார் யாரோ எழுதியதைப் படித்து, யார் யாரோ கழற்றிக் காட்டிய வீடியோவெல்லாம் பார்த்து, ஒவ்வொன்றாகத் தேறிய ஒன்பது வரி. கூட்டமான பஸ்ஸில் டிக்கெட் காசு கை மாறிப் போகிற மாதிரி பேச்சு அவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. "வேலை அவளுக்குத்தான். அவகிட்டக் கேளுங்க" என்று நாயகமும் மூன்றாவது தடவையாகச் சொன்னார். அவர் மேல் தப்பில்லை. கல்யாணமான இந்த இருபத்திரண்டு வருஷமாக அவர் மேல் தப்பு இருந்ததில்லை, அதுதான் கஷ்டம், கோபம் வந்தால் கொண்டுபோய் இறக்கி வைக்க இடம் கிடைப்பதில்லை. கடைக்காரர் பெயர் புருஷோத்தமன் என்பதுகூட அவர் நாயகத்திடம் நீட்டிய விசிட்டிங் கார்டைப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். நாற்பது வயது இருக்கலாம். மேஜை மேல் ஸ்குரூ டிரைவர்களை அளவு வாரியாக அடுக்கி வைத்திருந்தார். அப்படி அடுக்குகிறவர் வேலையில் சுத்தமாகத்தான் இருப்பார் என்று நினைத்துத்தான் இந்தக் கடையில் உட்கார்ந்தாள். ரிச்சி தெருவில் இது நாலாவது கடை. முதல் கடையில் பொம்மை மாதிரி வெளிச்சம் போடும் பெட்டியை மட்டுமே காட்டினார்கள். இரண்டாவதில் அவள் கேட்ட கார்டு இல்லை, இருப்பதை வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். மூன்றாவதில் ஒருவன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. இந்தக் கடை மாடியில். ஏறி வரும்போது கடைசிப் படியில் கால் தடுக்கியது, சுவரைப் பிடித்துக்கொண்டாள், "பாத்து வா" என்றார் நாயகம். அந்தப் படி மற்றப் படிகளைவிட உயரமா, இல்லை கண்ணா? கீழே போய் இன்னொரு தடவை ஏறிப் பார்த்தால் தெரிந்துவிடும். இப்போதெல்லாம் எல்லாமே இப்படித்தான், ஒரு டம்ளர் கைபட்டு விழுந்தால்கூட வழக்கு விசாரணை மாதிரி ஆகிவிடுகிறது, டம்ளரா, கையா, கண்ணா.

"வீடியோ எடிட்டிங்" என்றாள், கொஞ்சம் சத்தமாகவே. "ஒரே நேரத்தில நாலு டிராக் ஃபோர்-கே ஓடணும். நடுவில திக்கக் கூடாது." புருஷோத்தமன் அவள் பக்கம் திரும்பிச் சிரித்தார். "யூடியூப் சேனலா மேடம்? சமையலா?" ஆபரேஷன் வீடியோ என்றாள் அவள். கண் ஆபரேஷன். மைக்ராஸ்கோப்பில் கேமரா பொருத்தி எடுப்பார்கள், அதை வெட்டி ஒட்டி, எழுத்துப் போட்டு, படிக்கிற டாக்டர்களுக்குப் பாடமாக ஆக்குகிற வேலை. அறுபது பாடம், ஒரு வருஷத்து வேலை. அம்பத்தூரில் ஒரு ஸ்டூடியோவில் பத்தொன்பது வருஷம் கல்யாண வீடியோ வெட்டினாளே, ஆயிரத்துக்கு மேல் தாலி கட்டுவதைப் பார்த்தாளே, ஒரு சிடி உறையிலாவது அவள் பெயர் உண்டா? இதில்தான் வரப் போகிறது, ஒவ்வொரு பாடத்தின் கடைசியிலும், படத்தொகுப்பு கோ. செண்பகம் என்று. அதையெல்லாம் இவரிடம் சொல்ல முடியுமா? சொல்ல ஆரம்பித்த பாதியிலேயே அவர் முகம் நாயகத்தின் பக்கம் போய்விட்டது. "அப்ப ரெண்டு ஆப்ஷன் இருக்கு சார். இது போட்டா ரெண்டு வருஷம் தாராளமாப் போகும். அதுக்கப்புறம் சாஃப்ட்வேர் பெருசாகும், இழுக்க ஆரம்பிக்கும். இன்னொண்ணு கொஞ்சம் கூட, கிட்டத்தட்ட ரெண்டு மடங்குன்னு வைங்களேன். ஆனா அஞ்சு வருஷம் ஓடும். அஞ்சு வருஷத்துக்கு நீங்க திரும்பிப் பாக்க வேணாம்." திரும்பிப் பார்க்க வேண்டாம். அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டு ஒரு காகிதத்தில் இரண்டு பத்தியாகக் கோடு போட்டு எழுத ஆரம்பித்தார். செண்பகத்துக்கு அந்த வார்த்தை தொண்டையில் மீன் முள் மாதிரி நின்றுவிட்டது. மூன்று வாரமாக இந்த வார்த்தை அவளைச் சும்மா விடவில்லை. முன்பெல்லாம் கவனித்ததே இல்லை, பேச்சு முழுக்க அதுதான். பாத்துக்கலாம். பாத்துப் போ. நாளைக்குப் பாக்கலாம். உப்புப் போதுமா என்றால் ருசித்துப் பார் என்கிறார்கள், விலை படியுமா என்றால் கேட்டுப் பார் என்கிறார்கள், நாக்கால் செய்தாலும் வாயால் செய்தாலும் கடைசியில் பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது. பார்வை போனவர்களும் இந்த வார்த்தையைச் சொல்லித்தானே ஆக வேண்டும், அப்போது அது எப்படி இருக்கும், செல்லாத நோட்டை நீட்டுகிற மாதிரி இருக்குமா?

அவளுக்கு இன்னும் பார்வை போகவில்லை. டாக்டர் ரெங்கநாயகி அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். போகவில்லை, குறைந்திருக்கிறது, ஓரத்தில். கண்ணுக்குள் இருக்க வேண்டியதைவிட அழுத்தம் அதிகம், அது நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கிறது, குளுக்கோமா என்று பெயர், வலிக்காது, ஓரத்திலிருந்து உள்ளே வரும், நடுவில் தெளிவாகத் தெரிவதால் ஆளுக்கே தெரியாது. இரண்டு கண்ணிலும் இருக்கிறது, இடதில் கூடுதல். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம், ராத்திரி தவறாமல் சொட்டு மருந்து, நாலு மாதத்துக்கு ஒரு தடவை சோதனை. எத்தனை வருஷம் டாக்டர் என்று கேட்டாள். "அப்படிக் கேக்காதீங்க செண்பகம். நிறையப் பேருக்கு இப்படியே நின்னுடும். சிலருக்கு நிக்காது. நீங்க எந்தப் பக்கம்னு இப்பச் சொல்லத் தெரியாது" என்றார். அவளுக்கு வயது நாற்பத்தேழு. நாற்பத்தேழும் ஐந்தும் ஐம்பத்திரண்டு. நாற்பத்தேழும் இரண்டும் நாற்பத்தொன்பது. இந்த மனுஷன் ஒரு காகிதத்தில் இரண்டு பத்தி எழுதிக்கொண்டிருக்கிறாரே, இவர் கையெழுத்தில் இவ்வளவு நிச்சயமாக இருப்பதை டாக்டரால் ஏன் சொல்ல முடியவில்லை? ஐந்து வருஷம் ஓடுகிற மெஷினை வாங்கி, மூன்றாவது வருஷத்தில் தான் ஓடாமல் போனால், அது வீட்டு மூலையில் புது மாதிரியே நின்றுகொண்டிருக்கும். துடைத்து வைக்க வேண்டும். யாராவது வந்தால், செண்பகம் வேலை பார்த்தது என்று காட்டுவார்கள். சரி, இரண்டு வருஷத்து மெஷின் போதும் என்று வாங்கினால்? தன் கையாலேயே தனக்கு இரண்டு வருஷம் என்று எழுதிக் கொடுத்த மாதிரி ஆகாதா? எதை எடுத்தாலும் குத்தியது. ஒரு கம்ப்யூட்டர் வாங்குவதற்கு இதையெல்லாம் யார் யோசிப்பார்கள்? கிராஃபிக்ஸ் கார்டில் பன்னிரண்டு ஜிபியா, பதினாறா என்று யோசிக்க வேண்டிய இடத்தில் புத்தி வந்து நிற்கிற இடத்தைப் பார். பார். மறுபடியும் பார்.

நாயகத்துக்குத் தெரியாது. ராத்திரி ஒன்பது மணிக்குச் சொட்டு விட்டுக்கொள்வதைக் கண் வறட்சிக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், அவள்தான் அப்படிச் சொன்னாள். சொல்லக் கூடாது என்று முடிவு எடுத்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது அவர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், கீரையை ஆய்ந்து முடிக்கட்டும் என்று இருந்தாள், பிறகு சாப்பிடட்டும் என்று இருந்தாள், மூன்று வாரம் ஆகிவிட்டது. ஆனால் அது மட்டும்தானா? அவர் ரயில்வேயில் சிக்னல் பிரிவு. அவர்கள் ஆபீஸில் ஒரு வார்த்தை உண்டு, டீகேட்டகரி. நாலு வருஷத்துக்கு ஒரு தடவை கண் பார்ப்பார்கள், அதில் தேறாத ஆளை டீகேட்டகரி பண்ணிவிடுவார்கள், நேற்று வரைக்கும் எக்ஸ்பிரஸ் ஓட்டியவன் இன்றைக்கு ஸ்டோர்ஸில் பேரேடு எழுதுவான். ஆசீர்வாதம் என்று நாயகத்தின் சிநேகிதர், எஞ்சின் ஓட்டுநர், அவருக்கு அப்படி ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தார். நாயகம் அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார், தட்டில் குழம்பு எது கூட்டு எது என்று சொல்லிச் சொல்லிப் பரிமாறினார், வாசலில் செருப்பைத் திருப்பி வைத்தார், அவ்வளவு பிரியம். ஆசீர்வாதத்துக்குத் தூரத்துச் சிக்னலின் நிறம்தான் பிரித்துத் தெரியாது, கூட்டும் குழம்பும் நன்றாகத்தான் தெரிந்தது. சாப்பிட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வரவில்லை. "பாவம், மனசு உடைஞ்சு போச்சு அவனுக்கு" என்று நாயகம் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார். உங்களால்தான் என்று செண்பகத்தால் சொல்ல முடிந்ததா? அந்த நாற்காலி தனக்கு இழுத்துப் போடப்படும். படியில் ஏறும்போது முழங்கையைப் பிடிப்பார். இனிமேல் இந்த வேலையெல்லாம் எதுக்கு என்பார், அதுவும் எவ்வளவு இதமாகச் சொல்வார்.

"எனக்கு என்னமோ ரெண்டு வருஷத்துதே போதும்னு படுது" என்றார் நாயகம் காகிதத்தைப் பார்த்துவிட்டு. "இது ஒண்ணும் கெட்டுப் போயிராது. ரெண்டு வருஷத்தில இதைவிட நல்லது வரும், விலையும் இறங்கிரும். அப்பப் பாத்துக்கிடலாமே." நியாயமான பேச்சு. புருஷோத்தமன்கூடத் தலையை ஆட்டினார், அவருக்கு வியாபாரம் குறைந்தாலும் நியாயம் என்று பட்டிருக்க வேண்டும். இரண்டு ஆண்கள் சேர்ந்து நியாயமாக இருக்கும்போது அந்த அறையில் உட்காரவே மூச்சு முட்டியது. "எனக்கு அஞ்சு வருஷத்துது வேணும்" என்றாள். "எதுக்குன்னு சொல்லு." "வேணும்." "செம்பா, நான் வேண்டாம்னு சொல்லலே. உன் பணம், உன் வேலை. எதுக்குன்னு கேட்டேன், அவ்வளவுதான்." எதற்கு என்று அவளுக்கே தெரிந்தால்தானே. "எல்லாத்துக்கும் காரணம் சொல்லணுமா? நீங்க ஒரு நாளாவது இந்த வேலை செஞ்சிருக்கீங்களா? வீட்டில இருக்கிற அந்தப் பழசு ஒரு நிமிஷத்துக்கு நாலு தடவை நிக்கும், அதுக்கு முன்னாடி உக்காந்து பாத்தாத்தான் தெரியும்." குரல் அவள் நினைத்ததைவிட ஏறிவிட்டது. நாயகம் அவளையே பார்த்தார். இருபத்திரண்டு வருஷத்தில் வெளியாள் முன்னால் அவள் குரல் ஏறியதில்லை. கீழே யாரோ வண்டியை எடுக்கச் சொல்லிச் சத்தம் போட்டது மாடிக்குக் கேட்டது. "நம்ம வண்டிதான் போல. இடம் மாத்திப் போட்டுட்டு வாரேன்" என்று எழுந்தார். போகிறபோது அவள் பையை நாற்காலிக்கு உட்பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டுப் போனார், யாரும் தடுக்கி விழாமல். அதைப் பார்த்ததும் இன்னும் கோபம் வந்தது.

"ரெண்டாவது பத்தியில இருக்கிறது போடுங்க" என்றாள். புருஷோத்தமன் வாசலைப் பார்த்தார். "சார் வந்துரட்டுமே மேடம்." கத்த வேண்டும் போலிருந்தது, ஆனால் கத்துகிற பழக்கம் இல்லாத தொண்டை, ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல் வராது போலிருக்கிறது. நோட்டை மேஜை மேல் வைத்து அவர் பக்கம் திருப்பினாள். "இந்த வரிசையைப் படிங்க. நீங்க எழுதினதில பவர் சப்ளை அறுநூத்தம்பது வாட் போட்டிருக்கீங்க. அந்தக் கார்டுக்கும் பிராசஸருக்கும் அது பத்தாது. எண்ணூத்தம்பது போடுங்க. ரேம் நாலு குச்சியா வேண்டாம், முப்பத்திரண்டு ஜிபி குச்சி ரெண்டாக் குடுங்க." அவர் படித்தார். ஒரு தடவை தன் காகிதத்தைப் பார்த்தார், ஒரு தடவை நோட்டைப் பார்த்தார். "அறுநூத்தம்பது கையெழுத்துத் தப்பு மேடம்" என்றார். இருக்கலாம். "கேபினட் மட்டும் கண்ணாடி வச்சதுதான் இருக்கு, லைட்டோட. லைட் இல்லாதது இப்ப யாரும் கேக்கிறதில்ல." லைட்டை அணைக்க முடியுமா என்றாள். முடியும் என்றார், எல்லாரும் போடத்தான் கேட்பார்கள், அணைக்கக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான் என்றார். அதற்குப் பிறகு அட்டைப் பெட்டிகள் ஒவ்வொன்றாக வந்தன. வேலையை ஆரம்பித்ததும் அந்த மனுஷன் வேறு ஆளாகிவிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு, பிராசஸரை ஓரத்தில் மட்டும் தொட்டு எடுத்து, வயதுக்கு வந்த மகள் காதில் கம்மல் போடுகிற மாதிரி இறக்கினார். அதன் மேல் சூடு கடத்துகிற பசையைப் பட்டாணி அளவுக்கு வைத்தார். ரேம் இரண்டு பக்கமும் டக் டக்கென்று உட்கார்ந்தது. நல்ல கை. நல்ல கையைக் கண்டால் செண்பகத்துக்குப் பாதிக் கோபம் போய்விடும், அறுவை சிகிச்சை வீடியோக்களில் முகமே வராது, கைகள்தான், கைகளை வைத்தே அவளுக்கு இன்ன டாக்டர் என்று தெரியும். கைகள். இங்கேதான் யோசனை வந்து சேரும் என்று அவளுக்குத் தெரியும், காலையிலிருந்து இந்த இடத்தைச் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தாள்.

அறுபது பாடத்தில் பதினோராவது, ஓரப் பார்வையைச் சோதிப்பது எப்படி என்று காட்டுவது. வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒரு மெஷின், அதற்குள் முகத்தை வைத்துக்கொண்டு நடுப் புள்ளியையே பார்க்க வேண்டும், அங்கங்கே சின்னச் சின்ன வெளிச்சம் வரும், தெரிந்ததும் கையிலுள்ள பட்டனை அமுக்க வேண்டும். படம் எடுக்கிற அன்றைக்கு நோயாளியாக உட்கார யாரும் கிடைக்கவில்லை. பாடம் எடுக்கிற டாக்டர் ரெங்கநாயகி ஊரில் இல்லை. மெஷின் ஓட்டுகிற பெண் நான் நடிக்க முடியாது, நான்தான் ஓட்ட வேண்டும் என்றாள். நான் உட்காருகிறேன் என்று செண்பகம்தான் உட்கார்ந்தாள். ஒரு கேமரா அவள் கையை எடுத்தது, இன்னொன்று மெஷின் ஓட்டுகிறவளின் திரையை எடுத்தது, அதில் எந்த இடத்தில் வெளிச்சம் வருகிறது என்பது புள்ளியாகத் தெரியும். வீட்டுக்கு வந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டினாள். பொருந்தவில்லை. இந்தப் பக்கம் புள்ளி வருகிறது, அந்தப் பக்கம் விரல் அசையவில்லை. மறுபடியும் சில புள்ளிகளுக்குச் சரியாக அமுக்குகிறது. பழைய கம்ப்யூட்டரைத்தான் வைதாள். எட்டு வருஷத்து மெஷின், ஃபிரேம் ஃபிரேமாக முழுங்குகிறது, அமுக்கியதையும் முழுங்கிவிட்டது என்று நினைத்தாள். இரண்டு நாள் உட்கார்ந்து சத்தத்தை வைத்துச் சரி பண்ணிப் பார்த்தாள், அணைத்துப் போட்டுப் பார்த்தாள், கேபிளைக் கழற்றி மாட்டினாள். பிறகு டாக்டரிடமே எடுத்துப் போனாள், மன்னிச்சிருங்க டாக்டர், இது மட்டும் சேர மாட்டேங்குது, சிஸ்டம் பழசு, புதுசு வாங்கப் போறேன் என்றாள். டாக்டர் ரெங்கநாயகி ஒரு நிமிஷம் பார்த்தார். மறுபடியும் ஓட்டச் சொன்னார். "மங்கல் புள்ளி எல்லாருக்கும் தப்பும், அது இல்ல. இங்க நல்ல பளிச்னு வர்றதே ஒரு பக்கமா விட்டுப் போகுது" என்றார். அப்புறம், "இது யார் கை?" என்று கேட்டார். என் கைதான் டாக்டர் என்று செண்பகம் சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசியது. அன்றைக்கே முறையாக மூன்று தடவை சோதித்தார்கள், மூன்று தடவையும் அதே இடங்கள். ஆனாலும், இதை யாரிடமும் சொல்ல முடியாது, அதற்குப் பிறகும் மனசுக்குள் ஒரு மூலையில் அவள் கம்ப்யூட்டரைத்தான் நம்பிக்கொண்டிருந்தாள். அது பழசுதான். உண்மையிலேயே ஃபிரேமை முழுங்குகிறதுதான். டாக்டரிடம் ஓட்டியதும் அதில் வெட்டி எடுத்துப் போனதுதானே. ஆஸ்பத்திரி மெஷினும் புதுசு இல்லை. இப்படியெல்லாம் ஒரு படித்த பொம்பிளை நினைப்பாளா? நினைத்தாள். புது மெஷின், புது மெஷின் என்று ஒன்றரை மாதம் துடித்தாளே, அதில் கடைசி மூன்று வாரம் வேலைக்காகத் துடித்ததா?

மின்விசிறிகள் சுழல ஆரம்பித்தன. கண்ணாடிக்குள் ஊதாவும் பச்சையுமாக எரிந்த வெளிச்சத்தைப் புருஷோத்தமன் முதல் வேலையாக அணைத்தார். சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது, நாயகத்தைக் காணவில்லை. எடிட்டிங் சாஃப்ட்வேரை ஏற்றி முடித்துவிட்டு, "டெஸ்டுக்கு ஒரு கேம் ஓட்டிக் காமிக்கவா மேடம், சும்மா பறக்கும்" என்றார். வேண்டாம், என் ஃபுட்டேஜை ஓட்டிப் பார்க்கிறேன் என்று பையிலிருந்து டிரைவை எடுத்துக் கொடுத்தாள். அதில் நாற்பது ஆபரேஷன் இருந்தது. கேட்டராக்ட் இருந்தது, கருவிழி மாற்றுவது இருந்தது, எதை வேண்டுமானாலும் ஓட்டியிருக்கலாம். வெட்டாத மூலப் படம், கேமராவிலிருந்து இறக்கியது அப்படியே, பதினொன்று என்று எண்ணிட்ட ஃபோல்டர். மவுஸ் அவள் கையில்தான் இருந்தது. இரண்டு படத்தையும் டைம்லைனில் மேலும் கீழுமாகப் போட்டாள், படம் எடுக்க ஆரம்பித்தபோது தட்டிய கைதட்டல் சத்தத்தை வைத்து ஒன்றோடு ஒன்று சேர்த்தாள், அரை விநாடி வேலை, பழையதில் இதற்கே ஒரு காப்பி குடித்துவிட்டு வரலாம். இரண்டும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் தெரிகிற மாதிரி வைத்து ஓடவிட்டாள். தண்ணீர் மாதிரி ஓடியது. ஒரு திக்கல் இல்லை, ஒரு துள்ளல் இல்லை, இருபத்தைந்து ஃபிரேமும் விநாடி தவறாமல் வந்தது, கீழே மூலையில் விட்டுப்போன ஃபிரேம் பூஜ்யம் என்று காட்டியது. அவள் அந்தப் பூஜ்யத்தையே பார்த்தாள். அது மாறும் என்று எதிர்பார்த்தாள். "எப்படி மேடம், வெண்ணெய் மாதிரிப் போகுதில்ல?" என்றார் புருஷோத்தமன். ஆமாம் என்றாள். இடது பாதியில் புள்ளி வந்தது, வலது பாதியில் கட்டைவிரல் பட்டனின் மேல் சும்மா இருந்தது. நகத்தில் ஒட்டியிருந்த மருதாணிச் சிவப்பு வரைக்கும் தெரிந்தது. விரல் நடுங்கவில்லை, தயங்கவில்லை, யோசிக்கவில்லை. ஒன்றும் வரவில்லை என்று நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைத்தான் பார்க்க முடியவில்லை. அமுக்கேன் என்று நினைத்தாள். அமுக்கித் தொலையேன். இத்தனை விலை கொடுத்து இத்தனை நல்ல மெஷினை வாங்கி, அது செய்த முதல் வேலை இதுவா?

"ஏன் அமுக்க மாட்டேங்கு?" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. நாயகம். எப்போது வந்தார் என்று தெரியவில்லை, இடது பக்கமாக வந்திருக்கிறார், அந்தப் பக்கம் யார் வந்தாலும் இப்போதெல்லாம் அப்படித்தான். கையில் ஹோட்டல் பொட்டலம் இருந்தது, இரண்டு பேருக்கும் வாங்கியிருக்கிறார், சண்டை போட்டுவிட்டுப் போனவர். அவர் அவளைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிக்னல்காரர், விளக்கு எரிகிறது என்றால் அந்தப் பக்கம் கை வேலை செய்ய வேண்டும், முப்பது வருஷமாக அவருக்கு அது ஒன்றுதான் கணக்கு. "லைட்டு வருது, ஆளு அமுக்கலே. இந்தா, இதுக்கு அமுக்கிட்டுது. அடுத்ததுக்கு மறுபடி அமுக்கலே. ஒயர்ல கோளாறா?"

"இல்ல."

"பிறகு ஏன்?" என்றவர் குனிந்து திரைக்குக் கிட்டத்தில் போனார். கட்டைவிரலுக்குக் கீழே குக்கர் சுட்ட பழைய தழும்பு, அவர்தான் அன்றைக்கு மருந்து போட்டுவிட்டவர். "இது உன் கைல்லா. நீ ஏன் அமுக்கலே?"

"தெரியலே" என்றாள்.

"தெரியலேன்னா? பக்கத்தில உக்காந்திருந்தவங்களுக்குத் தெரியாம இருக்குமா, அவங்ககிட்டக் கேக்கலாம்லா?"

"எனக்குத் தெரியலேங்க. லைட்டு வந்தது எனக்குத் தெரியலே."

புருஷோத்தமன் என்ன புரிந்துகொண்டாரோ, காலி அட்டைப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நாயகம் நிமிர்ந்தார். பொட்டலத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். பேசுவார் என்று செண்பகம் காத்திருந்தாள். நாற்காலியை இழுத்துப் போடுவது, முழங்கையைப் பிடிப்பது, இனிமேல் எதுக்கு இதெல்லாம் என்பது, எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தாள், மூன்று வாரமாகத் தீட்டிய பதில்கள், ஒவ்வொன்றும் அவரைக் காயப்படுத்தக்கூடியது. "எந்தக் கண்ணு?" என்றார். ரெண்டும், இடது கூட என்றாள். "அந்த டாக்டரம்மா பாத்தாச்சா?" அவங்கதான் சொன்னாங்க என்றாள். மூணு வாரம் ஆச்சு, சொட்டு மருந்து அதுக்குத்தான் என்றாள். அவர் முகம் ஒரு மாதிரி ஆகி, பிறகு சரியாயிற்று. "மூணு வாரமா இதை நீ மட்டும் உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தியாக்கும்." "பழசுல சரியா ஓடாது. பாதிதான் பாத்தேன்." சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று அவளுக்குப் பட்டது.

படம் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவள் நிறுத்தவில்லை. நாயகம் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார், பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டார். "முதல்லருந்து போடு. பாப்போம்" என்றார். எதற்கு என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்காமல் முதலிலிருந்து போட்டாள். அவர் ஆறுதலாக ஒன்றும் சொல்லவில்லை, கையைப் பிடிக்கவும் இல்லை, தண்டவாளத்தோரம் நின்று விளக்கைச் சோதிக்கிற மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். முதல் புள்ளி வந்தது, விரல் அமுக்கியது. இரண்டாவது வந்தது, அமுக்கியது. மூன்றாவது மேலே ஓரத்தில் நல்ல பளிச்சென்று வந்தது. "இப்ப" என்றார் மெதுவாக, தன்னை அறியாமல், திரையிலிருக்கிற கைக்குச் சொல்கிற மாதிரி. விரல் அசையவில்லை. அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று வந்தது.

"இப்ப" என்றார் மறுபடியும்.